பின்பக்கத்தால் போட்ட கோல்

குவோப்பியோ, பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் ஊர் போப்ராதில் பனி விடவில்லையாமே. வாசல் பனியை நீ அள்ளாதே, அப்பா அள்ளட்டும். நான் சுகம்.

ஃபின்லாந்து வந்த பிறகு ஐஸ் ஹாக்கியில் முப்பத்தெட்டு ஆட்டம் ஆடிவிட்டேன். ஃபார்வர்டு என்று பெயர், ஒரு கோல்கூட இல்லை. சனிக்கிழமையும் போடாவிட்டால் கீழ்ப் பிரிவு அணிக்கு அனுப்பிவிடுவதாகக் கோச் சொல்லியிருந்தார். கடைசி நிமிடம், இரண்டுக்கு இரண்டு. எதிரணி கோல்கீப்பரை மறைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் கேப்டன் யார்க்கோ அடித்த ரப்பர் வட்டு என் பின்பக்கத்தில் பட்டு வலைக்குள் போய்விட்டது. "இந்தப் பின்பக்கத்துக்கு எந்தக் கால்சட்டையும் பத்தாதுடா" என்று திட்டுவாயே, அதுதான் ஜெயித்துக் கொடுத்தது.

யார்க்கோ என்னைச் சுற்றிவந்து, "யாருக்குடா கை குடுக்கறது, உனக்கா, உன் பின்னாடிக்கா?" என்றான். கோச் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த ஆட்டத்துலயும் அங்கயே நில்லு" என்றார்.

அந்த வட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடாதே.

உருளைக்கிழங்கு உருண்டையை எவ்வளவு நேரம் வேகவைப்பாய்? எனக்குக் குழைவாக வேண்டும். தனியாகச் சமைத்தால் கல்லாகிவிடுகிறது. கூடவே உள்ள போட்டோவில் நான் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து அப்பா ஏதாவது சொல்வார், நம்பாதே. பஸ் ஹாரன் அடிக்கிறது.

உன் மத்தூஷ்

பி.கு.: அப்பா சொல்வது சரிதான். முன்பல் இரண்டு போய்விட்டன. எதிரணி என்னைத் தொடவே இல்லை அம்மா. கோல் விழுந்ததும் எங்கள் ஆட்களே கட்டிப்பிடிக்க ஓடிவந்து மோதிவிட்டார்கள்.