சனிக்கிழமை மதியக் காட்சி

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தொண்டை எப்படி இருக்கிறது? மேடைக்கு வெளியே நீங்கள் வாய் திறக்கக் கூடாது என்கிறார்கள். அதனால் எழுதி, உடை தைக்கும் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஓர் உதவி. வரும் சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வராமல் இருக்க முடியுமா? என் அப்பா வருகிறார். இதயம் பழுது, இதற்குமேல் பயணமே கூடாது என்றுவிட்டார் மருத்துவர். இரண்டு வருடமாக உங்கள் வேடத்துக்கு நான் மாற்று நடிகை, நீங்கள் வராத நாளில் மட்டும் மேடை. நான் மேடையேறி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. லாரி ஓட்டியவர் அல்லவா, "ஸ்டெப்னி டயர் வண்டியோடவே ஊர் சுத்தும், ரோட்டைத்தான் தொடாது" என்று சிரிப்பார்.

"நட்சத்திரம் மதியத்துல தெரியாதும்மா" என்பார் உங்களைப் பற்றி, டிக்கெட் கொடுப்பவர். இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். நாற்பது சனிக்கிழமைகளில் நீங்கள் வராதது பதினொன்றுதான். அதற்குள் அவர் பேச்சை நம்பி அப்பாவை வரச்சொல்லிவிட்டேன். அவசரப் புத்தி.

உங்கள் தங்கை

ஜூன் 4

என் தங்கச்சிக்கு,

பதினொன்றும் ஆஸ்பத்திரி. குரல்நாணில் கட்டி. திங்கட்கிழமை அறுவை. பிறகு குரல் இருக்காது. மேலாளருக்கு மட்டும் தெரியும்.

சனிக்கிழமை இரண்டு காட்சிகள்தான் எனக்கு மிச்சம். மதியத்தை உனக்குத் தருவதாக இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். மனம் வரவில்லை.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அறுவை நல்லபடியாக முடிந்ததாகச் சொன்னார்கள்.

அப்பா வந்திருந்தார். நான்காம் வரிசை, ஓரம். மாற்று நடிகை வேடம் கட்டிக்கொண்டு கடைசி மணி வரை உள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தில் போய் உட்காரக்கூட முடியவில்லை. இடைவேளையில் அண்ணன் பின்கதவுக்கு வந்தான்.

"அப்பாவுக்கு மூச்சு வாங்குது. 'பாப்பா இன்னைக்கு வருவாளா மாட்டாளா, கேட்டுட்டு வாடா'ங்கறாரு."

"வரமாட்டேண்ணா. கூட்டிட்டுப் போயிடு."

பத்து நிமிடத்தில் மேலாளர் ஓடிவந்தார். உங்களுக்குக் குரல் போய்விட்டதாம். மேடை ஏறினேன். நான்காம் வரிசை ஓரம் காலி.

புதன்கிழமை அப்பா போய்விட்டார்.

குற்றம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். குரல் எப்போது போனது?

தங்கை

ஜூன் 20

தங்கச்சிக்கு,

இடைவேளைக்கு முந்தைய காட்சியிலேயே. கடைசி இரண்டு வரிகளும் வெறும் மூச்சுதான். நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள். "அந்தப் பொண்ண ஏத்திடலாமா?" என்றார் மேலாளர். வேண்டாமென்று தலையாட்டினேன்.

பிறகு திரை இடுக்கில் பார்த்தேன். ஒரு பெரியவர், மகனின் தோளைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறி வெளியே போய்க்கொண்டிருந்தார். உன்னைப் போலவே கழுத்தைச் சாய்த்து. யாரென்று தெரிந்தது. மேலாளர் இன்னும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பெரியவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் சரியென்று தலையாட்டினேன்.

உனக்குப் பொய் எழுதியிருக்கலாம்.

என் உடுப்புகளை உன் அளவுக்குப் பிடித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். இனி எல்லாக் காட்சிகளும் உனக்கு.

அக்கா

ஜூன் 25

அக்காவுக்கு,

உடுப்புகள் வந்தன. அளவு சரி.

மாலைக் காட்சிகளில் நடிக்கிறேன். சனிக்கிழமை மதியங்களுக்கு வேறு பெண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

இனி எழுத வேண்டாம்.