வேண்டச் சொல்லாத பாவம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆலயக் கதவில் இந்த மாதப் பிரசங்க அட்டவணையை ஒட்டிவிட்டார்கள். இருபத்து நாலாம் தேதி: லவீனியா, அதாவது நான். வசனம்: யோவானின் முதல் கடிதம், ஐந்தாம் அதிகாரம், பதினாறு.

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். சகோதரன் பாவம் செய்வதை ஒருவன் கண்டால் அவனுக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமாம், தேவன் அவனுக்கு உயிர் கொடுப்பாராம். இதுவரை நல்லது. அடுத்த மூச்சிலேயே, மரணத்துக்கு ஏதுவான பாவம் ஒன்று உண்டு, அதற்காக வேண்டச் சொல்லமாட்டேன் என்கிறார் யோவான். அது எந்தப் பாவம்? சொல்லவில்லை. அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். கப்பல் டிக்கெட் விற்கிற நான் என் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, 'ஒரு கப்பல் உண்டு, அதில் ஏறச் சொல்லமாட்டேன்' என்று மட்டும் சொல்லி ஜன்னலைச் சாத்தினால் எங்கள் தீவின் நெய்யாஃபு துறைமுகமே என்னை அடிக்க வரும். அவர் அப்போஸ்தலர், தப்பித்துக்கொண்டார்.

போதகர் உவைசேலே வீட்டுக்குப் போனேன். பன்றிகளுக்குத் தேங்காய் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்த வசனம் எனக்கு எதுக்கு?"

"நீதான் நல்லா பேசுவியே லவீனியா."

"மூணு வருஷம் முன்னாடி இதே வசனம் உங்களுக்கு வந்துச்சு. தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லி அன்னைக்குப் பூரா பாட்டாப் பாட விட்டீங்க."

"நிஜமாவே கட்டிச்சும்மா. கர்த்தர் கட்டினார்."

பன்றிகூட அவரை நம்பவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கப்பல் இல்லாத நாள். ஜன்னலில் உட்கார்ந்து யோசித்தேன். எது அந்தப் பாவம்? கொலையா? மோசே ஒருவனைக் கொன்று மணலில் புதைத்தார், அவருக்கு மலைமேல் தனிச் சந்திப்பே கிடைத்தது. பொய்யா? அப்படியென்றால் மீன் சந்தையில் ஒரு தராசுக்காரன்கூட உயிரோடு இருக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதா? எங்கள் ஊர் அப்படித்தான் நினைக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று எனக்கு வசனம் புரிந்துவிட்டது.

ஜெப நேரத்தில் நோயாளிகளின் பெயர்களை வாசித்தார்கள். நாலாவது பெயர் செமீசி. "நம் சகோதரன் செமீசி, சர்க்கரை நோயால் காலில் புண்" என்றார் போதகர். எல்லோரும் முழங்கால் போட்டுச் சத்தமாக வேண்டினார்கள். என் தங்கை கலோலைனேகூட. நான் கண்ணைத் திறந்துகொண்டு முன்வரிசைக்காரர்களின் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செமீசி என் கணவன். காகிதத்தில் இன்னும் அப்படித்தான். எங்கள் பாடகர் குழுவை நடத்தியவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்டர் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே கீழ்க்குரல் வரிசையிலிருந்து லோசேயைக் கூட்டிக்கொண்டு விரிகுடாவின் அந்தக் கரைக்குப் போய்விட்டான். அந்த வருஷம் உயிர்த்தெழுதல் பாட்டு கீழ்க்குரல் இல்லாமலே நடந்தது. ஆலயத்துக்குப் போகும்போது உடைமேல் கட்டும் பின்னல் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். முழு ஊரும் என் முதுகைப் பார்த்தது.

இவனுக்காக நான் வேண்ட வேண்டுமாம். யோவான் சொல்கிறாரே, வேண்டாம் என்று. இத்தனை வருஷமாக எனக்காகவே காத்திருந்த வசனம்.

குழியில் சுட்ட கல் போட்டு ஞாயிறு விருந்தை வேகவைக்கும் பூமியடுப்பைத் திறந்ததும் மாட்டிறைச்சி வைத்துக் கட்டிய சேம்பிலைப் பொட்டலம் மூன்று சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிரசங்கம் தண்ணீராக ஓடுகிறது. நாலு பக்கம். கலோலைனேக்கு வாசித்துக் காட்டினேன்.

"அக்கா, நீ பிரசங்கம் எழுதறியா, வழக்குப் போடறியா?"

"பேர் எதுவும் சொல்லலையே."

"'பாட்டுக் குச்சியை ஆட்டி ஆட்டியே ஆட்டைக் கவர்ந்த ஓநாய்'னு எழுதியிருக்கே. இந்தத் தீவுல எத்தனை ஓநாய் பாட்டுக் குச்சி வெச்சிருக்கு?"

அந்த வரியை அடித்துவிட்டேன். நல்ல வரி. வருத்தம்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

போதகரை வழியில் பிடித்துக் கடைசியாக ஒருமுறை கேட்டேன்: அது என்ன பாவம்? கர்த்தரை மறுதலிப்பது என்று சிலர் சொல்கிறார்களாம், மனந்திரும்பவே மாட்டேன் என்று நிற்பது என்று சிலராம். "நீங்க என்ன சொல்றீங்க ஐயா?" என்றேன். "எனக்குத் தெரியலம்மா. அதான் உனக்குக் கொடுத்தேன்."

ஊழியத்தில் இப்படி ஒரு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று கப்பல் நாள். மத்தியானம் வரிசையில் லோசே நின்றாள். பதினோரு வருஷத்தில் என் ஜன்னலுக்கு அவள் வந்ததே இல்லை. எங்கே போனாலும் உறவுக்காரர்களை அனுப்பி டிக்கெட் வாங்குவாள். குண்டாகிவிட்டாள். நானும்தான்.

கையில் டாக்டர் கடிதம். செமீசியைத் தலைநகருக்குக் கொண்டுபோக வேண்டும், உட்கார முடியாது, படுக்கை வேண்டும். சின்ன விமானம் இரண்டு வாரமாகப் பழுதில் கிடக்கிறது.

"படுக்கை எல்லாம் நிறைஞ்சிடுச்சு," என்றேன்.

"தரையில பாய் போட்டாலும் பரவாயில்லைங்க அக்கா."

"டாக்டர் கடிதம் வெச்சிருக்கிற ஆளைத் தரையில ஏத்த முடியாது. அடுத்த வியாழக்கிழமை வா."

அவள் சண்டை போடவில்லை. "சரிங்க அக்கா" என்று கடிதத்தை நாலாக மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

படுக்கை ஒன்று இருந்தது. காலையில்தான் ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏழாம் எண்.

கப்பல் போய்விட்டது. ஏழாம் எண் காலியாகப் போனது. பொய் என்று எழுதலாமா? ஒரு வாரத் தாமதம் என்று எழுதுகிறேன். என்னைப் பதினோரு வருஷம் காக்க வைத்தான். ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

கலோலைனே ஓடி வந்தாள். செமீசிக்குக் காய்ச்சல், பிதற்றுகிறானாம். கால் கறுத்துப்போய் முழங்காலை நோக்கி ஏறுகிறதாம். "வியாழக்கிழமை போயிருந்தா விரலோட போயிருக்கும்னு டாக்டர் சொன்னாராம். கப்பல்ல இடமே இல்லையாமே அக்கா?"

"இல்லை," என்றேன்.

இரண்டாவது தடவை. இந்த முறை பல் கூசியது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவன் பெயரை வாசித்தார்கள். முழங்கால் போட்டேன், கண்ணையும் மூடினேன். வேண்டலாம் என்றுதான் — வாய் வரவில்லை. ஆளைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று, ஐயோ யாராவது காப்பாற்றுங்கள் என்று கத்துவது மாதிரி. கர்த்தருக்கு அவ்வளவுகூடப் புரியாதா?

வீட்டுக்கு வந்து அந்த வசனத்தை மறுபடி படித்தேன். இருபது நாளாக இதை வைத்து செமீசியை அடித்துக்கொண்டிருக்கிறேன் — இல்லை, ஒரு வாரம், அதையும் பெரிதாக்குகிறேன் — ஆனால் அதிலிருக்கும் இரண்டு வார்த்தையை ஒருநாளும் சரியாகப் படிக்கவில்லை. 'ஒருவன் கண்டால்.' சகோதரன் பாவம் செய்வதை ஒருவன் கண்டால்தான் வேண்ட முடியும். செமீசி ஓடிப்போனதை ஊரே கண்டது. அதனால் ஊரே வேண்டுகிறது. அவன் கொடுத்து வைத்தவன். என்னை யார் கண்டார்கள்? ஏழாம் எண்ணை யார் கண்டார்கள்? ஜன்னலுக்கு உள்ளே நான் ஒருத்தி. எனக்காக வேண்டச் சொல்லி யோவான் யாரிடம் சொல்வார்?

அவன் செத்துப்போனால் — மரணத்துக்கு ஏதுவான பாவம் என்று இவ்வளவு நேராகவா சொல்வார் அந்த மனுஷன். நான் ஏதோ ஆழமான விஷயம் என்றல்லவா நினைத்தேன்.

என்னடி பண்ணித் தொலைச்சே லவீனியா. என்ன பண்ணே.

ஆகஸ்ட் 18, திங்கள்

விடிந்ததும் துறைமுகத்துக்குப் போனேன். எண்ணெய் இறக்க வந்த சரக்குக் கப்பல் மத்தியானம் தலைநகருக்குத் திரும்புவது எனக்குத் தெரியும். பயணிகளை ஏற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை. கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் எண்ணையும். அதை நான் முதன்முதலாகச் சொன்னது முன்பின் தெரியாத ஒரு கேப்டனிடம். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஆளைக் கொண்டு வா. எங்க சமையல்காரன் கட்டில் இருக்கு," என்றார்.

அப்புறம் லோசே வீடு. வாசலில் நின்றே சொன்னேன். படுக்கை இருந்துச்சு, நான்தான் இல்லைன்னேன். இப்ப ஒரு கப்பல் இருக்கு, உடனே கிளம்பணும்.

அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதை அப்புறம் பேசிக்கலாம்," என்றாள். "உள்ள வந்து காலைப் பிடிங்க. கட்டு மாத்தணும். ஒரு ஆளா முடியல."

நாற்றம் வாசல்வரை வந்தது. அவன் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். சூடு. காய்ச்சலிலும் என்னை அடையாளம் கண்டுகொண்டான். லோசே கட்டுப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். இப்போதே சொல்ல வேண்டுமா என்று எனக்கு இருந்தது.

"என்னைக் கொல்லப் பாத்தியா லவீனியா?"

"ஒரு வாரம் காக்க வைக்கத்தான் பாத்தேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அப்ப ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சா?"

"இல்லை. நீ கொஞ்சம் முன்னாலதான் இருக்கே," என்றேன்.

சிரிக்கப் பார்த்தான், வலித்தது போல. கலோலைனே புருஷனின் வண்டியில் என் மெத்தையைப் போட்டு அவனைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தோம். லோசே திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டார். நாளையிலிருந்து மூட்டைக் கொட்டகையில் வேலை.

ஆகஸ்ட் 20, புதன்

லோசே தொலைபேசியில் பேசினாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை.

"வியாழக்கிழமையே வந்திருந்தா ரெண்டு விரல்தான் போயிருக்கும்னு இங்கயும் சொல்றாங்க," என்றாள். "உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்."

"தெரியணும்," என்றேன்.

வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

எழுதிய நாலு பக்கத்தையும் அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டேன். நன்றாக எரிந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பிரசங்க மேடையில் ஏறி, அந்தப் பாவம் எதுவென்று யோவானுக்கே தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியாது என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். என்னிடமிருந்து அதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தார்கள். பிறகு ஏழாம் எண் படுக்கையைச் சொன்னேன். சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. செமீசியின் அக்கா எழுந்து வெளியே போனாள். போகட்டும், அவளுக்கு உரிமை உண்டு.

"எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்," என்றேன். "யாரும் பாக்காதபடி பொத்தி வெச்ச பாவத்துக்காக யாரும் வேண்ட முடியாது. வேண்டச் சொன்னாலும் யாருக்காகன்னு வேண்டுவீங்க? அது உள்ளேயே கிடந்து ஆளைக் கொல்லும். எனக்கு ஆனது என்னன்னா, அது முதல்ல வேற ஒருத்தரைக் கொல்லப் பாத்துச்சு. இப்ப நீங்க பாத்துட்டீங்க. இதுக்கு மேல உங்க பாடு."

பிரசங்கம் நன்றாக இருந்தால் எங்கள் ஆட்கள் 'மாலியே' என்று குரல் கொடுப்பார்கள். இன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஜெப நேரத்தில் போதகர் பெயர்களை வாசித்தார். செமீசி. சற்று நிறுத்தி, "நம் சகோதரி லவீனியா" என்றார். கலோலைனே என் பக்கத்தில் எல்லோருக்கும் மேலாகக் கத்தி வேண்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது, உள்ளாடைகளைச் சாலையோரக் கொடியில் காயப்போட்ட மாதிரி. ஆனால் காய்ந்தது.

வெளியே வந்ததும் போதகர், "அடுத்த தடவை உனக்குக் கல்யாண வசனம் ஏதாவது தர்றேம்மா," என்றார்.

"அதைவிட இதுவே பரவாயில்ல ஐயா."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அவன் பெயரை வாசித்தபோது வேண்டினேன். அன்பாக எல்லாம் இல்லை. வாய் வந்தது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, வியாழன்

கப்பல் மத்தியானம் வந்தது. மூட்டைக் கொட்டகையிலிருந்து பார்த்தேன். கடைசியாக செமீசி வந்தான், இரண்டு கவைக்கோலோடு. பாதி உடம்புதான் இருக்கிறது. இறங்கும் பலகை ஈரம், அலையில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் மேலேயே நின்றுவிட்டான். கூட்டம் கீழே நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னது.

லோசே அவன் வலது தோளுக்குக் கீழே நுழைந்து நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தாள். கொட்டகைப் பக்கம் பார்வை நின்றது. நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடலாமா என்று நினைத்தேன். என்னை மறைக்கிற அளவு பெரிய மூட்டை எதுவும் இல்லை.

"அக்கா," என்று கூப்பிட்டாள். குரலில் தேனும் இல்லை, விஷமும் இல்லை. "இடது பக்கம் நீங்க வாங்க."

அந்தப் பக்கத்தில் கால் இல்லை. அவன் பாரம் முழுவதும் அந்தப் பக்கம்தான் சாயும். ஏறிப் போனேன். "மெதுவா, மெதுவா, ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளிடாதீங்க," என்று அவன் முனகிக்கொண்டே வந்தான். பலகை முடியும்வரை அவனைத் தாங்கிப் பிடித்தேன்.