தலைவருக்கான வேண்டுதல்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

நீ எழுதிக் கொடுத்த உரையைத் தலைவர் டிவியில் வாசித்தபோது, நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலையாக இருந்தேன். "கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், எங்கும் மருந்துத் தட்டுப்பாடு இல்லை" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தகப்பன் நாலாவது நாளாக, "பாப்பாவுக்கு இன்சுலின் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். என் பின்னால் குளிர்பெட்டி காலி.

பிரார்த்தனைக் கூடத்தில் வாராவாரம் தலைவருக்கான வேண்டுதலை வாசிப்பது நான்தானே. "அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடும்" என்று சீட்டில் இருக்கும். இந்த வாரம், "உண்மை பேசும் மனதையும் கொடும்" என்று நானாகச் சேர்த்துவிட்டேன். கூடத்துப் பெரியவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இங்க எதுக்கும்மா அரசியல்?"

"கடவுளை முதல்ல சாட்சிக்கு இழுத்தது அவர்தானேய்யா?" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கடவுள் சாட்சி வரி யாருடையது என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, உடைக்கவில்லை என்று நிற்கும்போது மட்டும்தான் நீ கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடுவாய்.

ஆக, வேண்டுதலில் ஆளை மாற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் உன் பெயரைச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.

அம்மா