ரஹ்மா சொன்ன வெள்ளை முள்ளி

ஜூலை 4, வெள்ளி

கச்சான் காற்று. காலையிலேயே மணல் சுடுகிறது. களப்பிலிருந்து இரண்டு கேன் உப்புநீர், சைக்கிளில். மையவாடியில் ரஹ்மாவின் கபுரின் தலைமாட்டில் நட்ட கழுதைமுள்ளிக்கு. பிழைத்துவிட்டது. ஒரு மொட்டு.

இது நின்ற களப்போரத்தைக் கிரவல் கொட்டி மூடிவிட்டார்கள். நான் பெயர்த்தெடுத்த இந்த ஒன்றே அந்த வகையில் மிச்சம்.

"இஞ்சாருங்க, வெள்ளையாப் பூக்கிறதும் கிடக்கு" என்பாள், கல்யாணமான நாள் முதல். முப்பது வருடம். இங்கே ஊதா ஒரு சாதிதான் என்று நானும் முப்பது வருடம். அவள் மௌத்தான பிறகே போய்ப் பார்த்தேன்.

ஊதா: பூவடியில் இரு சிறு செதில். மற்றக் களப்பெங்கும் உண்டு.
வெள்ளை: செதில் இல்லை. இந்தச் செடியின் காய்ந்த கதிரில் பார்த்தது. பூ இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 5

கெம்பஸில் செடிகொடி படிப்பிக்கும் ஆசிரியையுடன் போனில். "ரெண்டும் உலகப் பட்டியலில ஆபத்தில்லாத வகைதான், மாமா. வெள்ளை இஞ்ச இருக்கெண்டா பூவோட காட்டணும். பூத்ததும் சொல்லுங்க, வாறன்."

உலகத்தில் இருந்தால் எங்கள் களப்பில் அழியலாமா? கேட்டேன்.

ஜூலை 8

மொட்டு பருத்துவிட்டது. முதுகு வலி. சீனி முடிந்தது.

மகள்: "நாளைக்கு உம்மா மௌத்தாகி ஒரு வருசம், கத்தம் ஓதணும். சலீம் மாமாவோட கதைங்க வாப்பா."

ரஹ்மாவின் தம்பி. அவள் மௌத்தான அன்று மையத்து வீட்டில் எல்லோர் முன்பும் "ராத்தாட பேச்ச நீங்க எப்ப கேட்டீங்க" என்றவன். அவனோடு என்ன கதை.

ஜூலை 9

கத்தத்துக்கு சலீம் வந்தான். கையெல்லாம் கீறல்.

"சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கபுரடியத் துப்புரவாக்கினன், மச்சான். ராத்தாட தலைமாட்டில முள்ளுக்காடு. நீங்க உசிரோட இருந்தும் இப்படியா? புடுங்கி எறிஞ்சிட்டன். நல்ல குரோட்டன் ஒண்டு வெச்சிருக்கன்."

சோற்றை வைத்துவிட்டு மையவாடிக்குப் போனேன். மதிலுக்கு வெளியே கிடந்தது, வேரறுந்து. களப்புநீர் வாளியில் வைத்தேன்.

அவனிடம் ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கலாம்.

ஜூலை 10

விடிய, வாளியில் பூ. வெள்ளை. பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தரம் பார்த்தேன். செதில் இல்லை. ஆசிரியையின் போன் ஓஃப். இலை சுருள்கிறது.

பின்னேரம் சலீம். உள்ளங்கையில் முள் ஏறி வீக்கம். ஊசியால் எடுத்துவிட்டேன்.

"ராத்தா சொன்னது சரி" என்றேன்.

"எத மச்சான்?"

வாளியைக் காட்டினேன். இதழ் கழன்று நீரில் மிதந்தது.