பேழையில் பூட்டிய ரூட்டரும் பெயர்சூட்டு வேளையும்

அலை ஓயாத துறைகளும் கலம் நீங்காத கரைகளும் உடைய முத்தூற்று நாட்டின் வேந்தர், எம் பட்டத்தரசி நன்முகை தேவியாரைப் பெற்ற பெருந்தகை, வெண்டிரையர் திருமுன்னர்: மலைவாயில் அரண்மனையில் இணைய இணைப்புக் காரியம் பார்க்கும் இளந்தத்தன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் காற்று தவறாதிருக்க. தங்கள் முற்றத்தில் நெல் குறையாதிருக்க.

வேந்தருக்கு ஓலை எழுதத் துணிந்த பிழையை முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். அடியேன் இதற்குமுன் எவருக்கும் ஓலை எழுதியதில்லை. பெற்ற மகளே முகம் காட்ட மறுத்தாள் என்று தாங்கள் அவையில் வருந்தியதாகவும், அன்றே அலைபேசியை அணைத்து வைத்துவிட்டதாகவும் வணிகர் வந்து கூறினர். அது கேட்டது முதல் தேவியார் சரியாக உண்பதில்லை. திரையில் அழைக்க வழியில்லாமையால், கருவியைப் பொருத்திய நீயே நடந்ததை எழுது என்று அடியேனைப் பணித்தார்.

முன்பு இவ்வரண்மனையில் இணையம் எம் வேந்தரின் அலுவல் மண்டபத்து மேசையில் மட்டுமே இருந்தது. பேறு முடிந்து அறையைவிட்டு நீங்கலாகாத மகள் அங்கு எவ்வாறு வருவாள் என்று கருதியன்றோ, கம்பியின்றி இணையம் பகிரும் ரூட்டரைத் தாங்கள் பிறந்தவீட்டுச் சீராக அனுப்பினீர்கள்? அடியேன் அதை நடுமுற்றத்தில் நிறுத்தி, மண்டபத்துக் கம்பியை அதில் இணைத்து, கடவுச்சொல்லை உரியோர் காதில் மட்டும் சொன்னேன். தேவியார் அறையிலும் மடைப்பள்ளியிலும் படம் தெளிவாக வந்தது. கொட்டிலில் யானைப்பாகர் மற்போர்க் காணொளியில் ஆழ்ந்திருக்க, யானை தன் கவளத்தைத் தானே எடுத்துக்கொண்டது.

ஆயினும் இந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிற வேந்தர் அனுப்பிய சீரைத் திருநாளுக்கு முன்மாலை பட்டில் சுற்றி, கருவூலத்துச் செப்புப் பேழையில் வைத்துப் பூட்டுவர். வெளியில் கிடக்க விடுவது அனுப்பியவரை அவமதிப்பதாகும். கருவூலக் காவலர் கொற்றங்கீரனார், தங்கள்மீது கொண்ட மதிப்பினால், பெயர்சூட்டுக்கு முன்மாலை ரூட்டருக்கும் அதை ஒரு குறையுமின்றிச் செய்தார். ரூட்டரின் சிறுவிளக்கு அணையலாகாதென்று கம்பிகள் செல்லப் பேழையில் துளையும் இட்டார். அடியேன் அவ்வேளை கம்பியைச் சரிபார்க்க வாயிற்கம்பத்தில் ஏறி நின்றமையால் இதை அறியேன். செம்பைக் கடந்து அலை வெளிவராது என்பதைச் சொல்வார் அங்கு எவருமிலர்.

பெயர்சூட்டும் காலையில் தங்களைத் திரையில் அழைக்கத் தேவியார் அலைபேசியை ஏந்தினார். திரையில் வட்டம் சுழன்றதேயன்றித் தங்கள் முகம் வரவில்லை. காற்றில் வரும் என்றீர்கள், காற்றுக்கும் சாவி வேண்டும் போலும் என்று செவிலி மாதங்கையார் அடியேனை இடித்துரைத்தார். தேவியார் அறை நீங்கலாகாது என்னும் வழக்கத்தையும் பாராமல் எழுந்து, ஒரு கையில் மகவும் மறு கையில் அலைபேசியுமாக அறை அறையாக நடந்தார். கருவூல வாயிலில்தான் அலைக்குறியின் ஒற்றைக் கோடு தோன்றி மறைந்தது. அங்கேயே அமர்ந்துவிட்டார்.

"இதற்குள்ளேயா வைத்துப் பூட்டினீர்கள்? அங்கே என் அப்பா விடியலிலிருந்து உட்கார்ந்திருப்பாரே."

பேழைக்கு நான்கு சாவி, நான்கு அமைச்சரிடம்; அவருள் ஒருவர் ஆற்றுக்கு நீராடச் சென்றிருந்தார். பூட்டை உடைக்குமாறு எம் வேந்தர் ஆணையிட்டார். உடைத்துப் பார்க்க, பட்டுக்குள் புழுங்கிய ரூட்டர் தன் வெப்பத்திலேயே கருகிக் கிடந்தது. நல்வேளை கடந்துவிடும் என்று புரோகிதர் விரைவுபடுத்தவே, எம் வேந்தர் குழந்தையின் காதில் பெயரைச் சொன்னார்.

இப்போது துறைமுகச் சந்தையில் வாங்கிய வேறொரு ரூட்டர் நடுமுற்றத்து மரத்தட்டில் திறந்தே நிற்கிறது. மூலை முடுக்கெல்லாம் அடியேனே நடந்து சோதித்தேன். எவ்விடத்தும் தடையில்லை என்று துணிந்து கூறுவேன். அதற்கு மாலை சார்த்த வருவோரைக் கொற்றங்கீரனாரே தடி கொண்டு விரட்டுகிறார்.

குழந்தையின் பெயரை இவ்வோலையில் எழுதலாகாதென்பது தேவியார் கட்டளை. அதைத் தம் வாயால் தங்களிடம் சொல்வதற்காக, நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் மகவை மடியிலிட்டுத் திரைமுன் அமர்கிறார். அருள்கூர்ந்து அலைபேசியைத் திறந்தருளுக.

பயன்படும் பொருளை, அது எவர் அனுப்பிய சீராயினும், இனிப் பேழையில் பூட்டலாகாதென்பது எம் வேந்தர் அரிமாவேளின் ஆணை. அவ்வாணை இவ்வோலையோடு எம் அரசின் வரையாட்டு முத்திரை பெற்றது. உண்மை மறையாதிருக்க, இழந்தவற்றையும் கீழே குறித்தேன்.

ரூட்டர் ஒன்று. பட்டு ஒன்று. பேழைப் பூட்டு ஒன்று. பெயரைக் கேட்டதும் தங்கள் பேத்தி கண் விழித்துப் பார்த்த பார்வை ஒன்று. அது தங்களுக்குக் கிட்டவில்லை.