விருந்தாளிகளிடம் சொன்ன பதில்

அனுப்புநர்:
ம. குணசுந்தரி, பி.ஏ.,
உறுப்பினர், கிராம சுகாதாரக் கண்காணிப்புக் குழு,
3/41, மேட்டுத் தெரு,
வெள்ளாத்துமேடு,
சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறை மாலை நான்கு மணிக்கு மேல் பூட்டப்படுவது – அது பற்றிய மனு, வெளிநாட்டு விருந்தினரின் பாராட்டைக் காட்டி முடித்து வைக்கப்பட்டது – அந்தப் பாராட்டுக்கு என் பிழையான மொழிபெயர்ப்பே காரணம் என்பதைத் தெரிவித்து, மனுவை மீண்டும் விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் அளித்த மனு, நாள் 14.12.2009.
2. அதை முடித்து வைத்து வந்த கடிதம், நாள் 12.02.2010.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனு என்றால் அடுத்தவர் மீது எழுதுவதுதான் வழக்கம். இந்த மனுவில் பாதி என் மீதே எழுதப்பட்டது. பொறுமையாக முழுவதும் படித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் மீனவர் குடும்பத்தைச் சேர்ந்தவள். தபால் வழியில் ஆங்கிலம் படித்துப் பட்டம் பெற்றேன். எங்கள் ஊர் சுகாதார நிலையம் ஒழுங்காக நடக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து, குறை இருந்தால் உரியவரைக் கேட்டு, அவர் சொல்லும் பதிலை ஊர்க் கூட்டத்தில் படிப்பது எங்கள் குழுவின் வேலை. சம்பளம் இல்லாத வேலை. ஏச்சுப் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

2. இதே வேலையைச் செய்பவர்கள் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போய்க் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றின் கீழ், சிதம்பரத்தில் உள்ள ஒரு தொண்டு நிறுவனம் 2009 ஜூன் மாதம் என்னை உகாண்டா நாட்டுக்கு ஒன்பது நாள் அனுப்பியது. அங்கே எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் திருமதி கிரேஸ் நலுபேகா. இருபது வருடமாக அந்த ஊர் மருத்துவமனைகளைக் கேள்வி கேட்டு வருபவர். நான் திரும்பிய பிறகும் மாதத்தின் முதல் சனிக்கிழமை தொலைபேசியில் கூப்பிடுவார். நலம் விசாரித்து முடித்ததும் ஒரே கேள்விதான்: இந்த மாதம் யாரைக் கேட்டாய், என்ன பதில் வந்தது?

3. அங்கே நடந்த ஒரு கூட்டத்தில், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் எழுந்து, தங்கள் ஊர் மருத்துவர் பதினொரு மணிக்கு முன் வருவதே இல்லை என்று அந்த மருத்துவரை எதிரில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். மருத்துவரும் தலையைக் குனிந்து குறித்துக்கொண்டார். எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று. வந்த விருந்தாளி முன்னால் இப்படியா என்று நினைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். எழுந்து, எங்கள் ஊர் நிலையம் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், அதற்குப் பலகையே மாட்டியிருக்கிறார்கள் என்று பெருமை பேசிவிட்டேன். பலகை மாட்டியிருப்பது உண்மை.

4. உண்மை நிலவரம் இது. மூன்று செவிலியர்களுக்கும் நிலையத்திலேயே குடியிருப்பு உண்டு. ஆனால் கூரை ஒழுகுகிறது. அதனால் அவர்கள் சிதம்பரத்தில் தங்கி, மாலை 4.10 டவுன் பஸ்ஸில் போய்விடுகிறார்கள். பிறகு காலை எட்டரை வரை பிரசவ அறையில் பூட்டு. அவர்கள் மீது எனக்குப் பகை இல்லை. ஒழுகுகிற வீட்டில் நானும் படுக்க மாட்டேன். ஆனால் பிள்ளை வலி பஸ் நேரம் பார்த்து வருவதில்லை.

5. 2008 ஜூலை 2ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு, எங்கள் தெருவில் உள்ள திருமதி ரேகாவை, அப்போது வயது 21, தலைப்பிரசவத்துக்கு நானும் அவர் மாமியார் ராசம்மாளும் நிலையத்துக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போனோம். எட்டு நிமிட நடை. கதவு பூட்டியிருந்தது. ஆட்டோ பிடித்துச் சிதம்பரம் புறப்பட்டோம். பி.முட்லூர் தாண்டுவதற்குள் ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை. என் புடவைத் தலைப்பில்தான் வாங்கினேன். இதற்கு மேல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

6. இப்போது 108 வண்டி வருகிறது. நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் மண்சாலைக்கு அது வந்து சேர முக்கால் மணி நேரம், அங்கிருந்து சிதம்பரம் போக இன்னொரு முக்கால் மணி நேரம். நிலையமோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதையெல்லாம் எழுதித்தான் பார்வை 1இல் கண்ட மனுவை அளித்தோம். நாற்பத்திரண்டு பெண்கள் கையொப்பமிட்டார்கள். முதல் கையொப்பம் ராசம்மாளுடையது.

7. இந்நிலையில் 2010 ஜனவரி 20ஆம் தேதி, திருமதி கிரேஸும் இன்னும் மூன்று பேரும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அவர்கள் கற்க வந்தவர்கள். ஆய்வு செய்ய வந்தவர்கள் அல்ல. அன்றைக்கு நிலையத்தைப் பார்த்திருக்க வேண்டும் ஐயா! முந்தின நாளே வெள்ளையடித்தாயிற்று. கட்டிலுக்குப் புது விரிப்பு. 4.10 பஸ் வந்தது, செவிலியர் யாரும் ஏறாமலே போயிற்று. மாலை ஆறரை மணிக்குச் செவிலியர்களைச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விட ஜீப் நின்றது.

8. பிற்பகல் மூன்று மணிக்குப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பெண்கள் கூட்டம். ஊரே சேர்ந்து சுறாப்புட்டும் இறால் தொக்கும் செய்து விருந்து வைத்திருந்தது. நிலையத்தில் குறை ஏதும் உண்டா என்று திருமதி கிரேஸ் கேட்டார். ராசம்மாள் எழுந்து, "எல்லாம் நல்லாத்தான் பாக்குறாங்க. ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். அடுத்தடுத்து எழுந்தவர்களும் அதையே சொன்னார்கள். பேரப்பிள்ளையைப் பறிகொடுத்தவர் இப்படிச் சொல்லலாமா என்று பிறகு தனியாகக் கேட்டேன். "அம்மாந்தூரத்துலருந்து வந்து நம்ம வூட்டுல கைய நனைச்சவங்ககிட்ட, நம்ம அழுக்க அவுத்துக் காட்டச் சொல்றியா? அதான் கலெக்டருக்கு எழுதியாச்சில்ல" என்றார். ஆகவே அன்று எங்கள் பெண்கள் சொன்னது விருந்தாளிகளுக்குச் செய்த மரியாதை. தங்களுக்கு எழுதிக் கொடுத்ததுதான் வாக்குமூலம்.

9. ஆனால் ஒருவர் மரியாதை பார்க்கவில்லை. கடைசியாக ரேகா எழுந்தார். அப்போது அவர் மறுபடி ஏழு மாதக் கர்ப்பிணி. அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் கீழே எழுதுகிறேன்:

"நாலு மணிக்கு மேல கதவ பூட்டிடுறாங்கம்மா. என் மொத புள்ள அதனாலதான் வழியிலயே போயிடுச்சி. இதுவும் அப்பிடி ஆயிடுமோன்னு பயமா இருக்குது."

கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான். நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: "இவருடைய முதல் குழந்தை இறந்துவிட்டது. மாலை வேளைகளில் தூரம் சற்றுச் சிரமமாக இருக்கிறது என்கிறார்."

பூட்டு என்ற சொல் என் வாயில் வரவில்லை. ஏழு மாதத்துக்கு முன் திருமதி கிரேஸின் ஊரில் நான் அளந்த பெருமை எனக்கு முன்னால் வந்து நின்றது. எதிரில் மருத்துவ அலுவலரும் உட்கார்ந்திருந்தார். அடுத்தவரைப் பதில் சொல்ல வைப்பதே வேலை என்று நாடு விட்டு நாடு போய்ப் படித்து வந்த நான், என் முறை வந்தபோது மழுப்பினேன். வெட்கமாக இருக்கிறது ஐயா.

10. திருமதி கிரேஸ் ரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். பிறகு நிலையத்தின் பார்வையாளர் பதிவேட்டில், தாய்மார்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள், எங்கள் நாட்டிலும் இப்படி அமைய வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டார். ரேகா, தான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நம்பினார். அது முதல் வாரம் தவறாமல் என் வீட்டு வாசலுக்கு வந்து, "அந்த அம்மா எழுதிட்டாங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நானும் எழுதுவாங்க, எழுதுவாங்க என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

11. பார்வை 2இல் கண்ட கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பார்வையாளர்கள் நேரில் வந்து கண்டு, தாய்மார்கள் மனநிறைவோடு இருப்பதைப் பதிவு செய்திருப்பதால், மனு முடித்து வைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. நாற்பத்திரண்டு கையொப்பங்கள் நான் மாற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்தால் அடிபட்டுப் போயின. அன்றே ரேகாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அழவும் இல்லை. "இப்ப என்னக்கா பண்றது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

12. திருமதி கிரேஸுக்கு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதிவேட்டில் தாம் எழுதியதை அவர் திரும்பப் பெற்று அதே வழியில் அனுப்பிய கடிதம் இத்துடன் உள்ளது. எனக்குத் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார்: என்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அந்தக் கதவைத் திறக்கச் சொல்லக்கூடியவருக்கு எழுது. அதன்படியே தங்களுக்கு எழுதுகிறேன்.

13. ஆகவே, முடித்து வைத்த மனுவை மீண்டும் விசாரணைக்கு எடுக்க வேண்டுகிறேன். குடியிருப்பின் கூரையைப் பழுது பார்த்துத் தர வேண்டும். அது முடியும் வரை, விருந்தினர் வந்த நாளில் நின்ற அதே ஜீப்பை வைத்தாவது, இரவுப் பணிக்கு ஒரு செவிலியரை மாலையில் கொண்டுவந்து விட ஆவன செய்ய வேண்டும். எந்த நாளில் எவர் பணி என்று பெயரோடு வாசலில் எழுதி ஒட்டினால், நாங்களும் வீண் சந்தேகப்பட மாட்டோம். ஒரு நாளைக்குச் செய்ய முடிந்ததைத்தான் கேட்கிறோம்.

14. பிழையாக மொழிபெயர்த்ததற்காக என்னைக் குழுவிலிருந்து நீக்குவது முறை என்று தாங்கள் கருதினால், மறுப்பின்றி விலகிக்கொள்கிறேன். அந்தத் தண்டனை எனக்குரியது. ரேகாவுக்கு அது போய்ச் சேரக் கூடாது.

இடம்: வெள்ளாத்துமேடு
நாள்: 22.02.2010

தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடும்,
ம. குணசுந்தரி

இணைப்பு: பார்வையில் கண்ட இரண்டின் நகல்கள், திருமதி கிரேஸ் நலுபேகாவின் கடிதமும் அதன் தமிழாக்கமும். (இம்முறை என் தமிழாக்கத்தை ஆங்கில ஆசிரியர் திரு. திருநாவுக்கரசு ஒப்புநோக்கிக் கையொப்பமிட்டுள்ளார்.)

பத்தி 5, 9, 10, 11 குறித்து ரேகா தம் கைப்பட எழுதியது:

அக்கா எழுதுனத நான் படிச்சுப் பாத்தேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்குது. டாக்டரம்மா எனக்கு பங்குனி 15ன்னு தேதி குடுத்துருக்காங்க. முன்ன பின்ன ஆவலாம்னாங்க. சாயங்காலத்துல வலி வந்தா நான் அங்கதான் நடந்து வருவேன் சார். வேற எங்கயும் போவ மாட்டேன்.

ரே. ரேகா