பிரேக் மிதிக்கும் கால்

ஜனவரி 12

என் அருமை ஆமைக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், எலும்பு டாக்டருக்கு என்ன கேடு? நலமில்லாதது என் வலது கணுக்கால். போனில் சொல்ல ஆரம்பித்தால் "இருடி, பேஷன்ட் வந்துட்டாங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது.

முப்பது வருடத்துக்கு முன் மாடிப்படியில் உருண்டு உடைத்துக்கொண்டேனே, அதே இடம். எலும்பு அன்றைக்குக் கூடிவிட்டது. நடுவே இருந்த குருத்தெலும்பு இப்போது மொத்தமாகத் தேய்ந்துவிட்டதாம். இங்கே இருக்கிற டாக்டர் பட்டை போட்டார், ஊசி போட்டார், கடைசியில் "ஆபரேஷன்தாம்மா, அதுலயும் ரெண்டு மூணு வகை இருக்கு" என்று கையை விரித்துவிட்டார். எக்ஸ்ரேயை இதோடு வைத்திருக்கிறேன்.

பஸ் ஓட்ட வந்து இருபத்தாறு வருடம். ஓய்வுக்கு இன்னும் ஐந்து இருக்கிறது. ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் இந்தக் காலில்தான். வண்டியை விட்டு இறங்கினால் நான் யாரென்றே எனக்குத் தெரியாது. வகையெல்லாம் நீ பார்த்துக்கொள். கத்தியை நீதான் பிடிக்க வேண்டும். எந்தத் தேதி என்று மட்டும் எழுது.

உன்
புயல்

ஜனவரி 19

அன்புப் புயலே,

எக்ஸ்ரேயை அரைமணி நேரம் பார்த்தேன். எலும்போடு எலும்பு உரசுகிறது. இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படியடி வண்டி ஓட்டினாய்? உன் நெஞ்சழுத்தம் எனக்கு வராது. ஆனால் போதும், இனி ஆபரேஷன் முடிகிற வரை ஸ்டியரிங்கைத் தொடாதே.

சின்னத் துளை போட்டு, துருத்துகிற எலும்பைச் செதுக்கி எடுப்பது ஒரு வழி. உனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மூட்டில் இருக்கிற இரண்டு எலும்பையும் திருகாணி போட்டு ஒன்றாக்கிவிடலாம். வலி போகும், ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் கணுக்கால் மடங்காது. இல்லையென்றால் தேய்ந்ததை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் மூட்டு வைக்கலாம். கால் மடங்கும். ஓடவோ குதிக்கவோ கூடாது, பத்துப் பதினைந்து வருடத்தில் அதுவும் தேயலாம். பெடலை அளந்து மிதிக்க வேண்டிய உனக்கு இதுதான் சரி.

ஆனால் அதை நான் செய்யக் கூடாது. எலும்பை இணைப்பது முந்நூறுக்கு மேல் செய்திருக்கிறேன். செயற்கை மூட்டு நாலே நாலு. என்னிடம் படித்த சின்ன டாக்டர் இப்போது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். நூற்றைம்பது மூட்டு வைத்தாகிவிட்டது. அவளிடம் போ.

உன்
ஆமை

ஜனவரி 24

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாற்பது வருடப் பழக்கத்துக்கு நல்ல மரியாதை. கல்யாண வீட்டில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, "பக்கத்து வீட்டில் சாப்பிடுங்க" என்று சொல்வதைப் போல இருக்கிறது.

சின்ன டாக்டர் என் மகள் வயது. முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் நான் நினைவில்லாமல் கிடக்க மாட்டேன். உனக்கு எது கைவந்ததோ அதையே செய். கணுக்கால் மடங்காவிட்டால் போகட்டும், வண்டியை விட்டுவிடுகிறேன். டிப்போவில் ஒரு மூலையில் நாற்காலி போட்டுத் தருவார்கள். உன் கை பட்டால் போதும் என்று எழுதுகிறேன், இதற்கு மேல் இறங்கி வர எனக்குத் தெரியாது. இதற்கும் முடியாது என்றால் பதில் போட வேண்டாம்.

இப்படிக்கு
தங்கள் நோயாளி

ஜனவரி 31

என் புயலே,

முடியாது. பதிலும் போடுவேன்.

என் நாலாவது நோயாளி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நான் எலும்பை வெட்டிய மட்டம் ஒரு நூல் சாய்ந்துவிட்டது. இரண்டே வருடத்தில் மூட்டு ஆட்டம் கண்டது. அதை எடுத்துவிட்டு எலும்பை இணைத்தோம். அவர் தன் தலைவிதி என்றே நினைத்திருந்தார். நான் போய் உட்கார்ந்து, "சார், இது என் கைத்தப்பு" என்று சொன்னேன். அன்றோடு அந்த ஆபரேஷனை நிறுத்திக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஒருநாள் உன் பஸ்ஸில் முன் சீட்டில் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சந்தைத் திருப்பத்தில் இரண்டு தள்ளுவண்டிக்கு நடுவே, ஒரு விரல் இடைவெளியில் வண்டியைக் கொண்டுபோனாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், நீ கொட்டாவி விட்டாய். அன்றைக்கு வந்த பிரமிப்பு இன்னும் போகவில்லை. அந்தக் காலை மடங்காமல் பூட்டிவிட்டு, சிநேகிதிக்காகச் செய்தேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

உதவிக்கு நிற்கலாமா என்று சின்ன டாக்டரிடம் கேட்டேன். "மேடம், நீங்க காலப் பிடிச்சுக்கலாம். ஆனா நான் சொல்றபடிதான் பிடிக்கணும்" என்றாள். சரி என்றேன். இதற்கு மேல் ஒரு சிநேகிதி உன் காலைப் பிடிக்க முடியாது. புறப்பட்டு வா.

உன்
ஆமை

செப்டம்பர் 8

என் ஆமைக்கு,

கால் மடங்குகிறது. போன வாரம் டிப்போ மைதானத்தில் காலி வண்டியை ஓட்டிக் காட்டினேன். பிரேக்கைப் பூ மாதிரி மிதித்தேன், வலி இல்லை. சின்ன டாக்டர் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும். நீ காலைப் பிடித்த லட்சணத்தையும் அவள் சொன்னாள். மூக்கு அரித்தும் அசையவில்லையாமே!

இனி நான் சொல்ல வேண்டியது. எப்படி ஓட்டினாய் என்று கேட்டாய் அல்லவா? போன வருடம் ஐந்து மாதம் இடது காலால் பிரேக் மிதித்தேன். வலது கால் அவ்வளவு வலித்தது. இடது காலுக்குக் கிளட்ச்தான் பழக்கம், அடிவரைக்கும் அழுத்தத்தான் தெரியும். ஒருநாள் சிக்னலில் அப்படியே அழுத்திவிட்டேன். வண்டி அடித்த ஆணி போல நின்றது. நின்றுகொண்டு வந்த பெண் விழுந்து, கம்பியில் தாடை கிழிந்து மூன்று தையல். நாய் குறுக்கே வந்தது என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் நம்பினார்கள்.

அந்த வாத்தியாரைப் பற்றி நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து அந்த நாய் என்னைத் தூங்க விடவில்லை. நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று, அதையே செய்யப் போனபோதுதான் தெரிந்தது. உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லையடி.

நேற்று டிப்போ மேலாளர் என் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். "சார், போன வருஷம் நாய் எதுவும் வரல. என் கால்தான்" என்றேன்.

"இப்ப யாரும்மா கேட்டா? முடிஞ்சுபோன கதைக்கு எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கிறீங்க?"

"எங்க டாக்டரும் யாரும் கேக்காமத்தான் சார் சொன்னாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவை மூடிவிட்டார். விசாரணை முடியும்வரை வண்டி கிடையாது. முடிந்த பிறகு கிடைக்குமா என்பதும் தெரியாது. இத்தனை பாடுபட்டுக் கொடுத்த கால் வீணாகிவிட்டதே என்று நீ அழக் கூடாது.

அங்கிருந்து நேரே, அன்றைக்கு விழுந்த பெண்ணின் வீட்டுக்குப் போனேன்; விலாசம் விபத்துப் புகாரிலேயே இருந்தது. மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. கம்பியைப் பிடிக்காமல் ஏறினேன். கதவைத் திறந்தவளின் தாடையில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. நான்தான் அன்றைக்கு ஓட்டிய டிரைவர் என்றேன். விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள். பிறகு உள்ளே வரச் சொன்னாள்.

உன்
புயல்